ஒலிப்பதிவு டேட்டாபேஸுக்குள்ளா, வெளியே ஃபோல்டரிலா? கொடைப் பதிவுகளை வைத்து ஓர் ஒப்பீடு

"நீ குடுத்த பென் டிரைவைப் போட்டுப் பார்த்தேன் தம்பி. ஊர் பேரு வருது, சாமி பேரு வருது, யாரு பாடுனா, யாரு பின்பாட்டுன்னு எல்லாம் வருது. பாட்டு மட்டும் பாடமாட்டேங்கு."

வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி போனில் சொன்னது இது. வில்லிசையில் குடம் அடித்தே வயதானவர். அவர் உட்கார்ந்த மேடைகளைப் பதிவு செய்து, பட்டியல் போட்டு, அவருக்கே ஒரு பிரதி கொடுத்திருந்தேன். ஒலிக்கோப்புகளும் அதே பென் டிரைவில்தான் இருந்தன. ஆனால் டேட்டாபேஸில் நான் எழுதியிருந்த முகவரி என் லேப்டாப்பின் 'இ' டிரைவைக் காட்டியது. அவர் பேரன் கணினியில் பென் டிரைவ் 'ஜி' என்று ஏறியிருக்கிறது. பாட்டு பக்கத்திலேயே இருந்தும் டேட்டாபேஸுக்கு அது எங்கே என்று தெரியவில்லை.

டிரைவ் எழுத்தைப் பற்றி அவரிடம் விளக்க எனக்கு வாய் வரவில்லை. அவர் வாசித்ததை அவரே கேட்க முடியாமல் போனதுதான் மனத்தில் நின்றது. பாட்டையும் டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டிருந்தால் இந்த வம்பே வந்திருக்காதே என்று அன்று இரவு தோன்றியது. அப்படியும் செய்து பார்த்தோம். அதில் வேறு தொல்லைகள் வந்தன. இரண்டு வழியிலும் போய்வந்த பிறகு இதை எழுதுகிறேன். கோயில் ஆவணங்கள், பழைய பத்திரங்கள், மூலிகைப் படங்கள் என்று எதைச் சேர்த்து வைத்து நாலு பேரிடம் கொடுக்க நினைத்தாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கும்.

எங்களிடம் இருப்பது

நாங்கள் நான்கு பேர். இரண்டு பேர் பாளையங்கோட்டை, ஒருவர் அம்பாசமுத்திரம், ஒருவர் களக்காடு. சித்திரையிலும் ஆடியிலும் கொடை என்னும் கோயில் விழா நடக்கும் ஊர்களுக்குப் போய் வில்லிசையையும் கணியான் கூத்தையும் பதிவு செய்கிறோம். அவரவர் லேப்டாப், அவரவர் ஹார்ட் டிஸ்க். இரண்டில் விண்டோஸ், ஒன்றில் லினக்ஸ், ஒன்று பழைய மேக். நான்கு பேர் கையிலும் முழுத் தொகுப்பும் இருக்க வேண்டும், சிக்னல் இல்லாத ஊரிலும் திறக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே முடிவு செய்தது.

ஏன் நான்கு இடம் என்றால், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. தாமிரபரணி கரை தாண்டித் திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் வந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரு பாடகர் வீட்டில், கீழ்த் தட்டில் இருந்த இரண்டு கதை ஏடுகள் நனைந்து கூழாகிவிட்டன. அவற்றில் ஒன்றைத்தான் நாங்கள் முன்பே ஸ்கேன் செய்திருந்தோம். மற்றது போனது போனதுதான். அதற்குப் பிறகு ஒரே இடத்தில், ஒரே டிஸ்க்கில் எதையும் வைப்பதில்லை.

பொருள் மூன்று வகை. பெரியது ஒலி. நொடிக்கு 48,000 மாதிரி, 24 பிட், ஸ்டீரியோ என்று வேவ் வடிவில் பதிந்தால் நொடிக்கு 2,88,000 பைட். நிமிடத்துக்கு 17 எம்.பி.க்குச் சற்று மேல், மணிக்கு ஒரு ஜி.பி.யைத் தாண்டும். இப்போது கையில் இருப்பது 46 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 48 ஜி.பி. அடுத்தது ஏட்டுப் பக்கங்கள். ஏ4 தாளை 300 டி.பி.ஐ.யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத டிஃப் கோப்பு பக்கத்துக்கு 26 எம்.பி. வரும். 620 பக்கங்களுக்கு 16 ஜி.பி. மூன்றாவது சில்லறை: மேடைப் படங்கள், அவற்றின் சிறு வடிவங்கள், ஊர், சாமி, கலைஞர், நாள் என்ற விவரங்கள்.

விவரங்களை எஸ்கியூலைட் (SQLite) என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் வைத்திருக்கிறோம். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது. உரிமம் கேட்காத பொதுச் சொத்து. சர்வர் வேண்டாம், நிறுவ வேண்டியதும் இல்லை. முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. ஆண்ட்ராய்டு போன், ஐபோன் எல்லாவற்றிலும் அது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. நீண்ட காலம் பாதுகாக்க வேண்டிய தரவுத் தொகுப்புகளுக்கு அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று. இந்தத் தேர்வில் எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. பாட்டையும் படத்தையும் எங்கே வைப்பது என்பதில்தான் மூன்று மாதம் போனது.

எல்லாவற்றையும் உள்ளே வைத்தால்

படம், ஒலி போன்றவற்றை அப்படியே பைட் குவியலாக டேட்டாபேஸ் அட்டவணையின் ஒரு பத்தியில் (column) போடலாம். அதற்குப் பெயர் பிளாப். இதன் நன்மை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய நன்மை: எதுவும் பிரிந்து போகாது. ஒரு கோப்பைக் கொடுத்தால் எல்லாம் கொடுத்ததாகிவிடும். பெயரும் பாட்டும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் (பிரிக்க முடியாத ஒரே செயலாக) ஏறும், ஒன்றாகவே நீங்கும். பாதியில் மின்சாரம் போனாலும், பெயர் இருந்து பாட்டு இல்லாத நிலை வராது. அண்ணாச்சிக்கு நேர்ந்தது போல முகவரி தவறுவதற்கு முகவரியே கிடையாது.

வேகமும் குறையாது, பொருள் சிறியதாக இருக்கும் வரை. எஸ்கியூலைட்காரர்கள் 2017இல் செய்த அளவீட்டில், 10 கே.பி. அளவுள்ள சிறு படங்களைத் தனித்தனிக் கோப்பாகப் படிப்பதைவிட டேட்டாபேஸிலிருந்து படிப்பது சுமார் 35 சதவீதம் வேகமாக இருந்தது. காரணம் எளிது. ஆயிரம் கோப்பு என்றால் ஆயிரம் தடவை திறந்து மூட வேண்டும், டேட்டாபேஸை ஒரு தடவை திறந்தால் போதும். டிஸ்க்கிலும் இடம் மிச்சம்.

பொருள் பெரிதாகும்போது கதை மாறுகிறது. 2006இல் ஜிம் கிரேயும் அவருடன் இருவரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸையும், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையையும் ஒப்பிட்டார்கள். 256 கே.பி.க்குக் கீழே டேட்டாபேஸ் நல்லது, ஒரு எம்.பி.க்கு மேலே கோப்பு முறை நல்லது, நடுவில் உள்ளது பயன்பாட்டைப் பொறுத்தது என்று கண்டார்கள். எழுதி அழித்து எழுதி அழித்து இடம் துண்டு துண்டாவதை எது நன்றாகத் தாங்குகிறது என்பதே அங்கே முக்கியமாக இருந்தது. எஸ்கியூலைட்டில் இந்த எல்லைக் கோட்டைச் சுமார் 100 கே.பி.யில் போடலாம் என்பது அதன் ஆசிரியர்களின் கணிப்பு. இருபது ஆண்டில் டிஸ்க்குகள் எவ்வளவோ மாறிவிட்டன. எண் துல்லியமாக இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஒலிக்கோப்பு இந்த எண்களைவிட நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. கோடு எங்கே என்று தகராறு செய்ய அங்கே இடமில்லை.

ஆனாலும் போட்டுப் பார்த்தோம். முதல் தடை முதல் நாளே வந்தது. எஸ்கியூலைட்டில் ஒரு பிளாப், ஏன் ஒரு வரிசை (row) முழுவதுமே, இயல்பாக 100 கோடி பைட்டைத் தாண்டக் கூடாது. எங்கள் ஒரு மணி நேரப் பதிவு 103 கோடியே 68 லட்சம் பைட். ஒரு மணி நேரம் பாடினால் உள்ளே போகாது! மென்பொருளை மறுபடி கம்பைல் செய்து வரம்பை 214 கோடி வரை உயர்த்தலாம்தான். அப்படி உயர்த்திய கோப்பை அண்ணாச்சியின் பேரன் சாதாரண மென்பொருளில் திறந்தால் அந்த வரிசை வராது. பதிவைத் துண்டுகளாக வெட்டி, துண்டுக்கு ஒரு வரிசையாகப் போடுவது இன்னொரு வழி. மாங்கோ டிபி என்ற டேட்டாபேஸின் கிரிட்எஃப்எஸ் வசதி 255 கே.பி. துண்டுகளாக இதையேதான் செய்கிறது. ஆனால் வெட்டியதை ஒட்டித் தர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல் இல்லாத இடத்தில் பாட்டும் இல்லை.

உள்ளே அது எப்படி அடுக்கப்படுகிறது என்று பார்த்தால் இன்னொன்றும் புரியும். எஸ்கியூலைட் தன் கோப்பை 4,096 பைட் பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. பெரிய பிளாப் பல பக்கங்களில் வழிந்து ஓடும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அடுத்த பக்கம் எது என்று நான்கு பைட்டில் ஒரு குறிப்பு இருக்கும். ஒரு மணி நேரப் பதிவு இரண்டரை லட்சம் பக்கங்களுக்கு மேல் சங்கிலியாக நீளும். பிளாப்புக்குப் பின்னால் 'ஊர்' என்ற பத்தியை வைத்திருந்தால், ஊர்ப் பெயரைப் படிக்க அந்தச் சங்கிலி முழுக்க நடந்து போக வேண்டும். இந்தத் தவறை நாங்கள் செய்தோம். பட்டியலைத் திறக்கவே ஒரு காபி குடித்துவிட்டு வரும் நேரம் ஆனது. பிளாப்பைத் தனி அட்டவணையில் வைத்து, எண்ணால் இணைத்த பிறகு சரியாயிற்று. நீங்கள் எதை உள்ளே வைத்தாலும் இதை முதலிலேயே செய்துவிடுங்கள். பக்க அளவை 8,192 அல்லது 16,384 ஆக்கினாலும் பெரிய பிளாப்புக்கு நல்லது.

கைமாற்றும்போது வந்த தொல்லைதான் உண்மையில் எங்களைத் திருப்பியது. பாளையங்கோட்டையிலிருந்து களக்காட்டுக்குப் போகும் நண்பரிடம் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கப் பார்த்தேன். நகல் எடுக்கவே விடவில்லை. அது ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் இருந்தது. அதில் எந்த ஒரு கோப்பும் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது, பென் டிரைவில் 64 ஜி.பி. காலியாக இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் தீரும். ஆனால் ஊரில் யார் பென் டிரைவ் எந்த வடிவில் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கிளவுட்டில் ஏற்றினோம். நாங்கள் வைத்திருந்த கணக்கு, கோப்பில் எங்கே ஒரு எழுத்து மாறினாலும் முழுக் கோப்பையும் மறுபடி ஏற்றியது. ஓர் ஊரின் பெயரில் 'ன'வை 'ண' ஆக்கியதற்காக 40 ஜி.பி. இரண்டு இரவு ஓடியது. அதற்குள் அம்பாசமுத்திரத்து நண்பர் தன் பிரதியில் இன்னொன்றைத் திருத்திவிட்டார். ஒரே பெயரில் இரண்டு கோப்பு, இரண்டிலும் வேறு வேறு திருத்தம்.

இன்னொரு நாள் நடந்தது இதைவிட மோசம். எஸ்கியூலைட்டில் டபிள்யூஏஎல் என்று ஒரு முறை உண்டு, 2010இல் வந்தது. புதிதாக எழுதுவது உடனே முதன்மைக் கோப்புக்குப் போகாது. பக்கத்தில் '-வால்' என்று முடியும் ஒரு துணைக் கோப்பில் சேர்ந்து, அப்புறம் உள்ளே போகும். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் தடுக்காமல் இருக்க அருமையான ஏற்பாடு. நிரல் திறந்திருக்கும்போதே முதன்மைக் கோப்பை மட்டும் நகல் எடுத்தேன். ஒரு கொடை முழுவதற்கும் அன்று மாலை உட்கார்ந்து எழுதிய விவரங்கள் துணைக் கோப்பிலேயே நின்றுவிட்டன. 'ஒரே கோப்பு' என்பது மூடி வைத்திருக்கும்போதுதான் உண்மை. திறந்திருக்கும்போது நகல் வேண்டுமானால் அதற்கென்றே உள்ள பேக்கப் வசதியையோ, 2019இல் வந்த 'வேக்யூம் இன்டூ' கட்டளையையோ பயன்படுத்த வேண்டும். இதே முறையை நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபோல்டரில் வைத்து நாலு கணினியிலிருந்து திறக்கவும் கூடாது. எல்லா நிரல்களும் ஒரே கணினியில் ஓட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி.

நீக்கினாலும் கோப்பு இளைக்காது. காலியான பக்கங்கள் அடுத்து வருவதற்காக உள்ளேயே காத்திருக்கும். இளைக்க வைக்க வேக்யூம் செய்ய வேண்டும், அதாவது காலிப் பக்கங்களை விட்டுவிட்டு முழுக் கோப்பையும் புதிதாக எழுத வைக்க வேண்டும். அதற்குக் கோப்பின் அளவைப் போல இரண்டு மடங்கு வரை காலி இடம் தேவைப்படலாம். 40 ஜி.பி. கோப்புக்கு 80 ஜி.பி. காலியாக எங்கள் யார் லேப்டாப்பிலும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் பார்ப்பவருக்கு இன்னொரு சுவர். டேட்டாபேஸின் விடையை வரிசை வரிசையாகத் தரும் கர்சர் வழியாக எடுக்கும் ஒரு வரிசை ஏறக்குறைய 2 எம்.பி.க்கு மேல் இருந்தால் ஆப் பிழை காட்டிவிடும்.

வெளியே ஃபோல்டரில் வைத்தால்

மேலே சொன்ன தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே வீச்சில் தீர்ந்துவிடும். டேட்டாபேஸ் சில எம்.பி.யில் நிற்கும். புதிய பதிவை மட்டும் நகல் எடுத்தால் போதும், பழையதைத் தொட வேண்டாம். டேட்டாபேஸ் கெட்டுப்போனாலும் பாட்டு பாட்டாகவே இருக்கும். எந்த பிளேயரிலும் பாடும், டீக்கடையில் உட்கார்ந்து போனிலும் கேட்கலாம். எனக்கு இந்தக் கடைசிக் காரணம்தான் மிகப் பெரியது. இன்னும் முப்பது ஆண்டு கழித்து ஒருவர் இந்த டிஸ்க்கைத் திறப்பார். எங்கள் நிரல் அப்போது இருக்காது. வேவ் கோப்பு திறக்கும் என்று நம்பலாம்.

குறை, அண்ணாச்சி சொன்னதுதான். இணைப்பு அறுந்துவிடும். டிரைவ் எழுத்து மாறினால் அறும். யாரோ நல்லெண்ணத்தில் ஃபோல்டர் பெயரைத் திருத்தினால் அறும். நகல் எடுக்கும்போது ஒரு கோப்பு விட்டுப்போனால், தேடும் நாள் வரை தெரியவே தெரியாது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு பள்ளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆலோசனைகள் எதிலும் இதை நான் பார்க்கவில்லை. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

'கொடை' என்று எழுதுகிறோம். அதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் வரும் ஒற்றைக் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைட்டுகள் வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலை. பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். விண்டோஸில் நாம் தட்டுவது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும். எங்கள் மேக் நண்பர் வழியாகப் போய் லினக்ஸுக்கு வந்த 'கொடை', 'கோயில்' என்று பெயர் கொண்ட கோப்புகள் எல்லாம் 'இல்லை' என்று வந்தன. 'வில்லிசை' என்று பெயர் கொண்டவை ஒழுங்காகத் திறந்தன. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம்.

நீளத்திலும் இடிக்கும். லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 'திருநெல்வேலி' என்பது நமக்கு ஆறு எழுத்து, கணினிக்கு 12 குறிகள், 36 பைட். ஆக மொத்தம் 85 குறிகள்தான் ஒரு பெயரில் அடங்கும். ஊர், சாமி, நாள், பாடியவர் என்று அக்கறையாகப் பெயர் வைத்தால் தாண்டிவிடும். விண்டோஸில் அதே பெயர் நிற்கும், லினக்ஸுக்கு நகல் எடுக்கும்போது விழும்.

ஆகவே கோப்புக்குத் தமிழில் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். சொல்லவே எனக்கு வருத்தமாக இருந்தது. பெயர் இருக்க வேண்டிய இடம் டேட்டாபேஸ். அங்கே நீளத்துக்குத் தடையில்லை, தேடலும் எளிது. கோப்புக்கு வெறும் எண். டேட்டாபேஸில் எழுதும் முகவரியும் டிரைவ் எழுத்திலிருந்து தொடங்கக் கூடாது. டேட்டாபேஸ் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து 'ஒலி ஃபோல்டர், 0142' என்ற அளவில் நிற்க வேண்டும். இதை முதலிலேயே செய்திருந்தால் அண்ணாச்சி அன்றே பாட்டைக் கேட்டிருப்பார்.

அதோடு ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் எடுத்து அந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறோம். கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை அது. ஒரு பிட் மாறினாலும் வேறாகிவிடும். கோப்பு இடம் மாறிப் போனாலும் கைரேகையை வைத்துக் கண்டுபிடிக்கலாம், கெட்டுப்போயிருந்தாலும் தெரிந்துவிடும். உள்ளே வைப்பவர்களுக்கும் இது வேண்டும். எஸ்கியூலைட்டின் 'இன்டெக்ரிட்டி செக்' அமைப்பைத்தான் சோதிக்கும். பிளாப்புக்குள் ஒரு பிட் புரண்டிருந்தால் அது சொல்லாது.

மற்ற வழிகள்

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் பல அலுவலகங்களில் பழகியது. ஆனால் அதன் கோப்பு முழுவதும் சேர்ந்தே 2 ஜி.பி.தான். இரண்டு மணி நேரக் கச்சேரி ஒன்றிலேயே ஏறக்குறைய நிரம்பிவிடும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை பெரிய பொருளைத் தாங்கும், ஆனால் சர்வர் வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற முடியாது.

ஒன்றை மட்டும் ஒதுக்க மனமில்லாமல் ஒதுக்கினோம். ஊருக்கு ஒரு எஸ்கியூலைட் கோப்பு. விவரங்கள் எல்லாம் முதன்மைக் கோப்பில், அந்தந்தக் கொடையின் படமும் பாட்டும் தனிக் கோப்பில், வேண்டியபோது 'அட்டாச்' கட்டளையால் சேர்த்துக்கொள்வது. ஒரு நேரத்தில் இயல்பாகப் பத்து வரை சேர்க்கலாம். ஓர் ஊர்க்காரருக்கு அவர்கள் கொடையை மட்டும் கொடுக்க எவ்வளவு வசதி! படங்களோ ஸ்கேன்களோ மட்டும் வைத்திருப்பவர்கள் தாராளமாக இதை எடுக்கலாம். எங்களுக்கு ஒலியின் நீளம்தான் தடையாக நின்றது.

கடைசியில் எடுத்தது

வேலை செய்யும்போது இருக்கும் வடிவமும் கைமாற்றும்போது இருக்கும் வடிவமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைத்ததுதான் எங்களை இத்தனை நாள் சுற்றவிட்டது. இரண்டையும் பிரித்த பிறகு முடிவு எளிதாக வந்தது.

வேலைக்கு: சிறியது உள்ளே, பெரியது வெளியே. படங்களின் சிறு வடிவங்களும், ஏட்டுப் பக்கங்களின் வாசிப்புப் பிரதிகளும் டேட்டாபேஸுக்குள், தனி அட்டவணையில். வாசிப்புப் பிரதி என்பது சுருக்கிய ஜேபெக், பக்கத்துக்கு 200 கே.பி. எஸ்கியூலைட்காரர்கள் சொல்லும் 100 கே.பி.யைவிட அது பெரிதுதான். ஆனால் ஏட்டை ஸ்கேன் செய்யக் கொடுத்த பாடகர் வீட்டில் பக்கங்கள் நிச்சயம் திறக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே உள்ளே வைத்தோம். மூல வேவும் மூல டிஃபும் வெளியே, எண் பெயரில், ஹாஷோடு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் டேட்டாபேஸில் எழுதுவார். "நான் திறக்கிறேன்" என்று குழுவில் சொல்லிவிட்டுத் திறப்பதும், "மூடிட்டேன்" என்று சொல்லி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. தவறி இரண்டு பேர் எழுதிவிட்டாலும் வரிசை எண்கள் மோதாமல் இருக்க, 1, 2, 3 என்று போகாமல் யூயூஐடி என்ற நீண்ட தனி அடையாள எண் வைத்திருக்கிறோம்.

கைமாற்ற: பேகிட் என்ற ஒழுங்கைப் பின்பற்றி ஒரு ஃபோல்டர் கட்டுகிறோம். நூலகங்கள் தங்களுக்குள் மின்பொருட்களை அனுப்பிக்கொள்ள உருவாக்கியது, 2018இல் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 8493 ஆக வெளிவந்தது. பொருள் எல்லாம் 'டேட்டா' என்ற உள் ஃபோல்டரில் இருக்கும். பக்கத்தில் ஒரு சாதாரண உரைக்கோப்பில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் ஹாஷும். பெற்றுக்கொண்டவர் அதை வைத்துச் சரிபார்த்து, எது வந்தது, எது விட்டுப்போனது, எது கெட்டது என்று சில நிமிடத்தில் சொல்லிவிடலாம். டேட்டாபேஸை அதற்குள் வைக்கும் முன் 'வேக்யூம் இன்டூ' செய்து சுத்தமான ஒரே கோப்பாக எடுத்துவிடுகிறோம். துணைக் கோப்பு என்ற பேச்சே இல்லை.

இதோடு ஒரு சேர்க்கை. களக்காட்டு நண்பரின் யோசனை அது, எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு பதிவிலிருந்தும் 30 நொடி எடுத்து, ஓபஸ் என்ற சுருக்க ஒலி வடிவில் நொடிக்கு 48 கிலோபிட்டாகச் சுருக்கினால் 180 கே.பி. வருகிறது. ஜிம் கிரே சொன்ன 256 கே.பி. கோட்டுக்குள் வந்துவிட்டது! அதை டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்துவிட்டோம். வெளியே உள்ள கோப்பு கிடைக்காமல் போனாலும், பெயரைத் தொட்டால் குறைந்தது அரை நிமிடம் பாடும். 150 மாதிரிகளுக்கு 27 எம்.பி. எல்லாம் சேர்ந்து டேட்டாபேஸ் 160 எம்.பி.யில் நிற்கிறது. 64 ஜி.பி. மூலங்கள் நான்கு வீட்டு டிஸ்க்குகளில், மேல் தட்டில்.

புதிய பென் டிரைவை நானே வீரவநல்லூருக்கு எடுத்துப் போய்க் கொடுத்தேன். பேரன் கணினியில் போட்டுத் திறந்து, இரண்டு பாட்டு கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

"எல்லாம் பாடுது தம்பி. ஆனா அந்த ஆடி மாசக் கொடை இருக்குல்லா, அதுல சாமக்கொடைக்கு முந்தி வாசிச்ச குடம் நான் இல்ல. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். என் மச்சான்லா வாசிச்சான். அடியைக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. அவன் பேரைப் போட்டுரு."

குழுவில் "நான் திறக்கிறேன்" என்று எழுதிவிட்டு, ஒரு வரிசையில் ஒரு பெயரை மாற்றினேன். 160 எம்.பி. கோப்பு அன்று இரவே நான்கு பேருக்கும் போய்ச் சேர்ந்தது.